ஐயாயிரம் பவுண்டும் ஓர் எலுமிச்சம்பழமும்

தமிழ்நாட்டில் புது வண்டி எடுத்தால் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள். அமெரிக்காவிலோ வண்டியையே எலுமிச்சை என்பார்கள். வெளியே பளபளவென்று இருந்து, வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு பல்லை இளிக்கும் காருக்கு அங்கே 'லெமன்' என்று பெயர்.

இந்த வார்த்தையைத் தலைப்பில் வைத்து ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதற்கு முன் மூன்று பத்திரிகைகள் அதைத் திருப்பி அனுப்பியிருந்தன. அதே கட்டுரைதான் பிற்பாடு, 2001-ல், அவருக்கு நோபல் பரிசு வாங்கிக் கொடுத்தது. பழைய கார் சந்தை எப்படிக் கெட்டுப்போகிறது என்பதுதான் விஷயம். விற்பவருக்குத் தன் கார் நல்லதா கெட்டதா என்று தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. நல்ல கார் 3,000 பெறும், கெட்ட கார் 1,000 பெறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எது எது என்று தெரியாத வாங்குபவர் நடுவாக 2,000 தருகிறேன் என்பார். நல்ல கார் வைத்திருப்பவர் "போய்யா" என்று காரை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவார். கெட்ட கார் வைத்திருப்பவர் சந்தோஷமாகக் கை குலுக்குவார். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது எலுமிச்சைகள் மட்டும்.

வணிகவியல் வகுப்பில் இதைப் படித்துப் பரீட்சை எழுதிவிட்டு மறந்துவிடலாம். ஆனால் கையில் கொஞ்சம் பணமும் மனதில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரும் இருக்கிற இளைஞருக்கு மறக்க முடியாது. அவர் நிற்பதே அந்தச் சந்தையின் நடுவில்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவதற்கென்றே அமைந்த நாடு இங்கிலாந்து. இரண்டு பேர் மட்டும் உட்காரும், கூரையைத் திறந்துவிடக்கூடிய சின்னக் கார்கள் மீது அந்த நாட்டுக்கு மழையையும் மீறிய ஒரு காதல் உண்டு. அங்கே லெஸ்டர் நகரில் படிக்கும் 22 வயது மாணவர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். மூன்று வருஷம் வார இறுதிகளில் கடையில் வேலை பார்த்து 5,000 பவுண்டு சேர்த்திருக்கிறார். இந்தப் பணம் போனால் திரும்பச் சேர்க்க இன்னொரு மூன்று வருஷம் ஆகும். அப்பாவிடம் கேட்கவும் வழியில்லை. இதுதான் கதையின் நாயகன், இதுதான் அவருடைய மொத்தச் சொத்து.

முதலில் ஒரு நல்ல செய்தி. தேய்மானம் அவர் பக்கம் இருக்கிறது. பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் வரும் குறைந்து செல் மதிப்பு முறையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 20,000 பவுண்டு காருக்கு ஆண்டுக்கு 20 சதவீதம் தேய்மானம் என்றால் முதல் வருஷம் 4,000 கரைந்துவிடும். பத்து வருஷம் கழித்து மதிப்பு சுமார் 2,147. பதினோராவது வருஷத்தில் கரைவது வெறும் 429. ஆக, முதல் சொந்தக்காரர் பெரிய அடியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பத்து இருபது வருஷம் கழித்து வருபவருக்கு அதே வளைவு, அதே எஞ்சின் சத்தம், சொற்ப விலைக்கு. சில கார்கள் விதியை மீறி மேலே ஏறியும் விடுகின்றன. 1982 முதல் 1991 வரை வந்த போர்ஷே 944 ஒரு காலத்தில் ஏழையின் போர்ஷே என்று கேலி செய்யப்பட்டது. இன்று நல்ல நிலையில் உள்ள ஒன்றை இந்த மாணவரால் ஏறெடுத்தும் பார்க்க முடியாது.

கெட்ட செய்தி என்னவென்றால், விலைதான் தேய்கிறது, செலவு தேய்வதில்லை. 2,500 பவுண்டுக்குக் கிடைக்கும் பழைய போர்ஷேவுக்கும் உதிரி பாகம் போர்ஷே விலையில்தான் வரும். கார் தன் வயதை மறந்தாலும் கடைக்காரர் அதன் குலத்தை மறக்கமாட்டார் :-)

இங்கேதான் பெரும்பாலானோர் முதல் தப்பைச் செய்கிறார்கள். கையில் 5,000 இருந்தால் 5,000-க்குக் கார் தேடுகிறார்கள். நம் மாணவர் வணிகவியல்காரர் என்பதால் பேப்பரை எடுத்துக் கணக்குப் போடுகிறார். இளைஞர், அதிலும் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இன்சூரன்ஸ்காரர்களுக்குக் கொண்டாட்டம். பத்து இடத்தில் விசாரித்ததில் மிகக் குறைந்தது 1,300 என்று வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். சாலை வரிக்குச் சுமார் 350. வாங்கிய மறுநாளே செய்ய வேண்டியவை இருக்கும்: டைமிங் பெல்ட், பிரேக், டயர், எண்ணெய். அதற்கு 850 ஒதுக்கீடு. மீதி 2,500. காருக்கான பட்ஜெட் இதுதான். அந்த 850-ஐக் காரில் போட்டு இன்னும் கொஞ்சம் நல்லதாக வாங்கலாமே என்று மனசு சொல்லும். கேட்கக்கூடாது. ஒதுக்கீடு இல்லாமல் பழைய கார் வாங்குவது, சம்பளம் கொடுக்கப் பணம் இல்லாமல் கடை திறப்பது மாதிரி.

சரி, 2,500-ஐ வைத்துக்கொண்டு என்ன பார்க்கலாம்? நான்கு பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

முதலாவது மாஸ்டா ஆர்எக்ஸ்-8. 2003 முதல் 2012 வரை வந்தது. பார்க்க ராஜா. நான்கு பேர் உட்காரலாம், பின் கதவுகள் எதிர்ப்பக்கமாகத் திறக்கும். பிஸ்டனே இல்லாத ரோட்டரி எஞ்சின், 1.3 லிட்டர்தான், ஆனால் சக்தி வாய்ந்த ரகத்தில் 231 குதிரைத்திறன். இவ்வளவு கார் இவ்வளவு குறைந்த விலைக்கா என்று வாயைப் பிளக்கத் தோன்றும். விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் சந்தைக்குத் தெரியும். அந்த எஞ்சினில் சுழலும் முக்கோணத்தின் முனைகளில் உள்ள சீல்கள் தேய்ந்தால் அழுத்தம் போய்விடும். பிறகு எஞ்சினைப் பிரித்துக் கட்ட வேண்டியதுதான், அந்தச் செலவு காரின் விலையையே தாண்டிவிடும். சீல்களுக்கு மசகு கிடைப்பதற்காகக் கொஞ்சம் எண்ணெயை எரிப்பது அதன் வடிவமைப்பிலேயே உள்ளது. அது தெரியாமல் எண்ணெய் ஊற்றாமலே ஓட்டியவர்களும் உண்டு. வரியிலும் ஒரு பொறி இருக்கிறது. 2006 மார்ச் 23-க்கு முன் பதிவான கார்களுக்கு, புகை எவ்வளவு அதிகமானாலும் வரிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அந்தத் தேதிக்குப் பின் பதிவானவற்றுக்கு அந்தச் சலுகை கிடையாது. அச்சு அசல் ஒரே மாதிரியான இரண்டு ஆர்எக்ஸ்-8, பதிவுத் தேதியில் ஒரு வாரம் வித்தியாசம் என்றால்கூட, ஆண்டு வரியில் 300 பவுண்டுக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும்.

இரண்டாவது போர்ஷே பாக்ஸ்டரின் முதல் தலைமுறை, 1996 முதல் 2004 வரை. பெயரைச் சொன்னாலே நெஞ்சு நிமிரும். இந்த விலைக்குக் கிடைப்பது அதன் அடிமட்டத்தில் உள்ள கார்கள்தான். எஞ்சினுக்குள் இன்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங் என்று ஒரு சின்ன உருப்படி இருக்கிறது. எல்லாக் காரிலும் அது போய்விடுவதில்லை, ஆனால் போனால் எஞ்சினையும் கூட்டிக்கொண்டு போகும். மாற்ற வேண்டுமென்றால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்பதால், கிளட்ச் மாற்றும்போது சேர்த்துச் செய்வார்கள். 850 பவுண்டு ஒதுக்கீடு வைத்திருப்பவருக்கு இந்தக் கார் ஒரு சூதாட்டம்.

மூன்றாவது டொயோட்டா எம்ஆர்2-வின் கடைசித் தலைமுறை, 1999 முதல் 2007 வரை. 1.8 லிட்டர் எஞ்சின் சீட்டுக்குப் பின்னால் இருக்கும். டைமிங்குக்குப் பெல்ட்டுக்குப் பதில் செயின், ஆகவே அந்தச் செலவு இல்லை. எடை ஒரு டன்னுக்குள். ஆனால் ஆரம்ப வருஷக் கார்களில் புகைபோக்கியின் முதல் வடிகட்டி உதிர்ந்து, அந்தத் துகள்கள் எஞ்சினுக்குள்ளேயே போய் எண்ணெய் குடிக்க வைக்கும் நோய் உண்டு. டிக்கி என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. விடுமுறைக்கு வீட்டுக்குப் போக ஒரு பெட்டி வைப்பதென்றால்கூட யோசிக்க வேண்டும்.

நான்காவது மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமாகி, பழைய ஆங்கில லோட்டஸ் எலானின் ஆவியை ஜப்பானியர் ஒழுகாத உடம்பில் இறக்கினார்கள் என்று பேர் வாங்கிய கார். 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது கார் தயாரானது. இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார்களில் அதிகம் விற்றது என்ற கின்னஸ் சாதனையும் இதற்கே. கண் திறந்து மூடும் விளக்குகள் கொண்ட முதல் தலைமுறையின் விலை ஏறிவிட்டது. 1998-ல் வந்த இரண்டாம் தலைமுறைதான் மாணவருக்கு எட்டும். சக்தி அதிகமில்லை, நெடுஞ்சாலையில் குடும்பக் கார்கள் தாண்டிப் போகும். ஆனால் எஞ்சினும் கியர்பாக்ஸும் மாடு மாதிரி உழைக்கும். உதிரி பாகங்கள் ஏராளம். பக்கத்துத் தெரு மெக்கானிக்குக்கும் கை பழகிய கார்.

அப்படியானால் முடிந்துவிட்டதா? எம்எக்ஸ்-5-ஐ வாங்கிவிடலாமா? அதற்கும் ஓர் எமன் உண்டு. துரு. இங்கிலாந்தில் குளிர்காலத்தில் பனி உறையாமல் இருக்கச் சாலையில் உப்புத் தூவுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் அடியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கூரையில் விழும் மழைநீர் சீட்டுக்குப் பின்னால் உள்ள வடிகால் வழியே கீழே போக வேண்டும். இலையும் தூசியும் அதை அடைத்துவிட்டால் தண்ணீர் உள்ளே தேங்கும். கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதி, பின் சக்கர வளைவு, முன்பக்கச் சட்டத்தின் கால்கள், இந்த மூன்றும் இரண்டாம் தலைமுறையில் அரிக்கும் இடங்கள். எஞ்சின் போனால் வேறு எஞ்சின் வைக்கலாம். சட்டம் அரித்துப்போனால் வெல்டிங் செலவு காரின் விலையைத் தொட்டுவிடும்.

ஆக, எந்தக் கார் என்ற கேள்வி பாதிதான். எந்தத் தனிக் கார் என்பதுதான் மீதி. இங்கே அகர்லாஃப் சொன்ன நோய்க்கு இங்கிலாந்து அரசே ஒரு மருந்து வைத்திருக்கிறது. அங்கே மூன்று வயதான கார் ஒவ்வொரு வருஷமும் எம்.ஓ.டி. என்ற சோதனைக்குப் போக வேண்டும். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் பகுதிகளில் 2005-லிருந்து நடந்த சோதனைகளின் முடிவுகளைக் காரின் பதிவு எண்ணை மட்டும் வைத்து யாரும் இலவசமாக இணையத்தில் பார்க்கலாம். எத்தனை மைல் ஓடியது, எதில் தேறவில்லை, எதைப் பார்த்து வைக்கச் சொன்னார்கள், எல்லாம் இருக்கும். விற்பவரைச் சந்திப்பதற்கு முன்பே காரின் ஜாதகம் கைக்கு வந்துவிடுகிறது.

ஆனால் ஜாதகத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். 2019-ல் 92,000 மைல், 2020-ல் 71,000 மைல் என்று இருந்தால் யாரோ மீட்டரில் கை வைத்திருக்கிறார்கள், அல்லது மீட்டரை மாற்றியிருக்கிறார்கள். மூன்று வருஷம் தொடர்ந்து "சில் பகுதியில் துரு" என்று எழுதியிருந்து நாலாவது வருஷம் அது காணாமல் போயிருந்தால், ஒன்று வெல்டிங் செய்திருக்க வேண்டும், அல்லது மேலே கருப்புப் பூச்சு அடித்து மறைத்திருக்க வேண்டும். வெல்டிங் என்றால் ரசீது எங்கே என்று கேட்கலாம். வருஷத்துக்கு 300 மைல்தான் ஓடியிருக்கிறது என்றால் அதையும் சந்தோஷமாக எடுத்துக்கொள்ள முடியாது. நின்ற காருக்கு ரப்பர் காய்ந்துவிடும், பிரேக் இறுகிவிடும்.

பணம் பிடுங்கும் இன்னொரு விஷயமும் உண்டு. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டன் முழுவதும், மாசுத் தரத்தை எட்டாத காருக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண்டு கட்டணம். பர்மிங்காம் நகர மையத்தில் 2021 ஜூன் முதல் 8 பவுண்டு. பெட்ரோல் காருக்கு யூரோ 4 தரம் வேண்டும். இருபது வருஷத்துக்கு மேற்பட்ட ஸ்போர்ட்ஸ் கார்களில் பல அதற்கு முந்தியவை. லெஸ்டரில் இருக்கும்வரை கவலை இல்லை. படிப்பு முடிந்து லண்டனில் வேலை கிடைத்தால்? வாங்கும்போதே பதிவு எண்ணைப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

மாணவர் இரண்டு எம்எக்ஸ்-5 பார்க்கப் போகிறார்.

முதல் காரின் விலை 2,100. சிவப்பு நிறம், மெழுகு போட்டு முகம் பார்க்கலாம் போல மினுக்குகிறது. விற்பவர் ரொம்ப நல்ல மாதிரியாகப் பேசுகிறார். மாணவர் போய்ச் சேரும்போதே எஞ்சின் சூடாக ஓடிக்கொண்டிருக்கிறது. சாதாரண எஞ்சினைக் குளிர்ந்த நிலையில்தான் கேட்க வேண்டும். சத்தம், புகை எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். ஆர்எக்ஸ்-8 ஆக இருந்தால் கதை தலைகீழ். நன்றாக ஓட்டி, நிறுத்தி, பத்து நிமிஷம் விட்டு மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும். சூட்டில் கிளம்பத் திணறினால் எஞ்சின் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். இந்தக் காரின் அடியில் புதுக் கருப்புப் பூச்சு. நான்கு டயரும் நான்கு கம்பெனி. சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட்டைத் தொட்டால் ஈரம். டைமிங் பெல்ட் மாற்றியதா என்று கேட்டால், "மாத்தியாச்சு தம்பி, ரசீதுதான் எங்கேயோ போச்சு" என்கிற பாணியில் பதில்.

இரண்டாவது காரின் விலை 2,500. பச்சை நிறம் வெயிலில் மங்கியிருக்கிறது. கதவில் ஒரு சொட்டை. விற்பவர் ஒரு வயதானவர், அதிகம் பேசவில்லை, ஒரு தடித்த ஃபைலை மட்டும் எடுத்து நீட்டுகிறார். பதினான்கு வருஷ ரசீதுகள். 60,000 மைலில் பெல்ட் மாற்றியது. சில் இரண்டு பக்கமும் வெட்டி வெல்டிங் செய்தது, அதன் படங்களோடு. ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை வடிகாலைச் சுத்தம் செய்ததற்குக்கூடத் துண்டுச் சீட்டு.

மனசு சிவப்பு என்கிறது. 400 பவுண்டு மிச்சம் வேறு. இந்த இடத்தில்தான் அகர்லாஃபோடு 2001-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மைக்கேல் ஸ்பென்ஸ் கை கொடுக்கிறார். தன் சரக்கு நல்லது என்று எல்லோரும் சொல்லலாம். நல்ல சரக்கு வைத்திருப்பவர் மட்டுமே சுலபமாகக் காட்டக்கூடிய, மற்றவர் காட்ட வேண்டுமானால் அதிகம் செலவாகிற அடையாளம் எது என்று பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆய்வின் சாரம். மெழுகு பத்துப் பவுண்டு, ஒரு மத்தியானம் போதும், யாரும் போடலாம். பதினான்கு வருஷ ரசீதை ஒரு மத்தியானத்தில் தயாரிக்க முடியாது. அந்த 400 பவுண்டு வித்தியாசம், தெரியாததைத் தெரிந்துகொள்வதற்குக் கொடுக்கும் விலை.

சட்டமும் இங்கே பெரிதாகக் காப்பாற்றாது. வியாபாரியிடம் வாங்கினால் 2015-ன் நுகர்வோர் உரிமைச் சட்டம் இருக்கிறது, பொருள் திருப்திகரமான தரத்தில் இருக்க வேண்டும். தனி ஆளிடம் வாங்கினால், அவர் சொன்ன விவரத்துக்குக் கார் ஒத்திருந்தால் போதும். கேட்காத கேள்விக்கு அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை. பதிவுப் புத்தகத்தில் பெயர் இருப்பதும் உரிமைக்கு ஆதாரம் ஆகாது, அது காரை வைத்திருப்பவரின் பெயர்தான் என்று அந்தத் தாளிலேயே எழுதியிருக்கும். ஆகவே கடன் பாக்கி, விபத்தில் கழிக்கப்பட்ட வரலாறு இரண்டையும் சில பவுண்டு கட்டிச் சோதித்துவிடுவது உத்தமம்.

சிவப்புக் காரைப் பார்க்க ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் 40 பவுண்டு செலவாகியிருக்கிறது. "இவ்வளவு தூரம் வந்துவிட்டு வெறுங்கையோடு போவதா?" என்று தோன்றுவது இயல்பு. அந்த 40 பவுண்டு மூழ்கிய செலவு. வாங்கினாலும் வராது, வாங்காவிட்டாலும் வராது. அதை மீட்க 2,100 பவுண்டைக் கொண்டுபோய்க் கொட்டுபவர்கள்தான் எலுமிச்சைச் சந்தையின் நிரந்தர வாடிக்கையாளர்கள். பழைய கார் வாங்குபவருக்குத் தேவையான மிகப் பெரிய திறமை எஞ்சின் அறிவு கிடையாது. நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி நடக்கத் தெரிவது.

இவ்வளவு கணக்குப் போட்ட பிறகும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. பஸ் இருக்கிறது, ரயில் இருக்கிறது. 5,000 பவுண்டுக்கு வேறு எவ்வளவோ செய்யலாம். இந்த வாய்ப்புச் செலவை எந்தப் பாடப்புத்தகமும் நியாயப்படுத்தாது. பச்சைக் கார் நன்றாகப் பராமரிக்கப்பட்டால் இரண்டு வருஷம் கழித்துக் கிட்டத்தட்ட வாங்கிய விலைக்கே போகலாம். இன்சூரன்ஸும் வரியும் போனது போனதுதான். அதற்குப் பதிலாகக் கிடைப்பதைப் பேரேட்டில் எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாது. மே மாத மாலையில் கூரையைத் திறந்துவிட்டு, வளைந்து போகும் கிராமத்துச் சாலையில் மூன்றாவது கியரில் ஒரு திருப்பம். 40 மைல் வேகம்தான், ஆனால் தரைக்கு மிக அருகில்.

மாணவர் பச்சைக் காரை 2,400-க்குப் பேசி முடிக்கிறார் என்று கதையை முடிக்கலாம். மிச்சமான 100 பவுண்டு? ஒதுக்கீட்டுக் கணக்கில் சேர்த்து 950 ஆக்கிவிடுகிறார். அந்த ஃபைலில் அடுத்த ரசீது அவருடைய பெயரில் வரும்.